திரும்பிப் போக ஊர் இருக்கிறதா?



"இலங்கையில் 2009ஆம் ஆண்டு மே மாதமே போர் முடிந்துவிட்டதே! தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் அகதிகள் ஏன் இன்னும் ஊர் திரும்பவில்லை?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வெள்ளம் வடிந்தால் வீட்டுக்குத் திரும்புகிறோம். போர் ஓய்ந்தால் திரும்ப வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் அகதி வாழ்க்கை நாற்பது ஆண்டு நீண்டுவிட்டால், திரும்பிப் போகும் வழியே மாறிவிடுகிறது. அது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராகப் பெரும் கலவரம் மூண்டது. உயிர் தப்பியவர்கள் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அன்று முதல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சுமார் 58,000 பேர் முகாம்களிலும் சுமார் 34,000 பேர் வெளியிலும் வாழ்ந்தார்கள்.

இவர்கள் திரும்பிப் போக முயலவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் ஏற்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் நம்பிக்கையோடு திரும்பினார்கள். 1990 ஜூனில் மீண்டும் சண்டை மூண்டது, மீண்டும் படகு. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள். 1995இல் மறுபடியும் போர். 2002இல் போர் நிறுத்தம் வந்தது. நான்கே ஆண்டில் அதுவும் குலைந்தது. சூடுபட்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா? இவர்களுடைய தயக்கத்துக்குக் காரணம் அனுபவம்தான்.

இந்த அகதிகளில் ஒரு பகுதியினர் நமக்கு மிக நெருங்கியவர்கள். அவர்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து மக்கள். நம் முன்னோர் கங்காணியின் பேச்சைக் கேட்டு மலாயாவுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், அவர்களுடைய முன்னோர் இலங்கைக்குப் போனார்கள். போகுமுன் மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து அனுப்பினார்கள். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களை முதலில் ஏற்றுக்கொண்டதும் அதே மண்டபம்தான்!

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கு பிரித்தது. பிறகு கலவரங்களில் அடிபட்டு அகதியாக வந்தவர்களுள் பலரிடம் எந்த நாட்டின் பத்திரமும் இல்லை.

இப்போது திரும்புவதற்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பத்திரம். இதில் கொஞ்சம் வழி திறந்திருக்கிறது. 2003இல் இலங்கை ஒரு சட்டம் இயற்றி, மலைநாட்டுத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கியது. 2009இல் அதைத் திருத்தி, இந்தியாவில் அகதியாக இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது, இருக்க இடம். வடக்கே வலிகாமம் பகுதியில் இராணுவம் எடுத்துக்கொண்ட நிலங்கள் போருக்குப் பின் சிறிது சிறிதாகத்தான் திரும்பக் கிடைத்தன. தோட்டத்து மக்களின் நிலைமையோ இன்னும் மோசம். அவர்களுக்கு அங்கே இருந்தது லயத்து அறை. வேலை போனால் அறையும் போய்விடும் என்பது நமக்குத் தெரியாததா? ஊர் திரும்புங்கள் என்றால் அவர்கள் எந்த வீட்டுக்குத் திரும்புவார்கள்?

மூன்றாவது, அச்சமின்மை. 2025 மே மாதம், ஐக்கிய நாட்டு அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு ஊர் திரும்பிய முதியவர் ஒருவர் யாழ்ப்பாண விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். முன்பு முறையான அனுமதியின்றி நாட்டை விட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்பானா?

நான்காவது, பிள்ளைகள். முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, அங்கேயே மணமுடித்தவர்கள் இவர்கள். தாத்தாவுக்கு அது திரும்பும் பயணம். பேரனுக்கோ முன்பின் பாராத நாட்டுக்குப் புறப்படும் பயணம்.

அப்படியானால் அங்கேயே இருந்துவிடலாமே என்கிறீர்களா? அதுவும் எளிதல்ல. பத்திரமின்றிப் படகில் வந்தவர்களை இந்தியச் சட்டம் முறையின்றிக் குடியேறியவர்கள் என்றே வகைப்படுத்தி வந்தது. 2019இல் இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை அகதிகளுக்கு இடம் இல்லை. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பால் குடிமக்கள் ஆவார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை தானாக வருவதில்லை. தமிழ்நாட்டு அரசு 2021இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 7,469 புதிய வீடுகள் கட்டித்தர முன்வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் வீடு கட்டித்தர மாநில அரசால் முடியும். குடியுரிமை தர மத்திய அரசால்தான் முடியும்.

ஆகவே நேயர்களே, எல்லாரும் திரும்புவார்கள் என்பதும் நடவாது. ஒருவரும் திரும்பமாட்டார்கள் என்பதும் சரியல்ல. காணியும் உறவும் அங்கே உள்ளவர்கள், முக்கியமாக முதியவர்கள், பாதுகாப்பும் உதவியும் கிடைத்தால் திரும்புவார்கள். இங்கேயே வேர்விட்ட இளையவர்களுக்குக் குடியுரிமைதான் தீர்வு. போவதா இருப்பதா என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும். அந்த முடிவை எடுக்கும் நிலையில் அவர்களை வைப்பது இரண்டு அரசுகளின் கடமை.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளிய பெரியவர்களை நம் தோட்டங்களிலும் பார்த்திருக்கிறோம். ஒரு தலைமுறை பதியாமல் விட்டது மூன்றாம் தலைமுறையின் படிப்பையும் வேலையையும் தடுக்கிறது. பிள்ளை பிறந்தால் காலத்தோடு பதியுங்கள். திருமணத்தையும் பதியுங்கள். பத்திரங்களை ஈரம் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பத்திரம் இல்லையென்றால், வாய் பேசிக்கொண்டிராமல் கையோடு பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.