சோவெட்டோவில் சிந்திய குருதி



ஓர் இனத்தை அடிமைப்படுத்த முனைவோர் முதலில் கையிலெடுப்பது துமுக்கியன்று, சட்டம். எழுதுகோல் பிடித்த கை வழிவகுத்த பின்னரே துமுக்கி ஏந்திய கை வரும். இவ்வுண்மையைத் தன் குருதியால் உலகுக்கு எழுதிக் காட்டிய ஊர், தென்னாப்பிரிக்காவின் யோகானசுபர்க்கு நகரை அடுத்துள்ள சோவெட்டோ.

அந்நாட்டில் 1948-இல் ஆட்சியைப் பிடித்த வெள்ளையர் கட்சி, நிறவேற்றுமையையே அரசின் கொள்கையாக்கிற்று. 1953-இல் பாண்டுக் கல்விச் சட்டம் வந்தது. வெள்ளையர்க்கு உழைக்க வேண்டிய அளவே கறுப்பர்க்குக் கல்வி. அதற்குமேல் அறிவு வேண்டா! இதுவே அச்சட்டத்தை ஆக்கிய வெர்வோர்டின் எண்ணம்.

1974-இல் மற்றோர் ஆணை பிறந்தது. கறுப்பின மாணவர் பள்ளிகளில் ஆங்கிலமும் ஆப்பிரிக்கானசும் சரிபாதியாகப் பயிற்றுமொழியாதல் வேண்டும். கணக்கும் குமுகாயவியலும் ஆப்பிரிக்கானசிலேயே நடத்தப்பெறல் வேண்டும் என்றது அது. தாய்மடியில் சூலுவும் சோத்தோவும் பேசி வளர்ந்த பிள்ளைகட்கு, தம்மை ஒடுக்குவோரின் மொழியே அறிவுக்கு வாயிலாக்கப்பட்டது. ஆசிரியர் பலர்க்கே அம்மொழி சரிவரத் தெரியாது. ஆசிரியர்க்கு விளங்காத மொழியில் மாணவர்க்கு எது விளங்கும்?

16.6.1976 காலை, பள்ளிச் சீருடையணிந்த பிள்ளைகள் பல்லாயிரவர் முழக்க அட்டைகளை ஏந்தித் தெருவில் அணிவகுத்தனர். காவலர் கண்ணீர்ப்புகை வீசினர், பின்னர்ச் சுட்டனர். பன்னிரண்டே அகவையினனான எக்டர் பீட்டர்சன் வீழ்ந்தான். அவனை ஓர் இளைஞன் கைகளில் ஏந்தி ஓட, தமக்கை அலறியவாறு உடன் ஓடிய காட்சியைச் சாம் நிசீமா என்னும் செய்தியாளர் படமெடுத்தார். அப்படம் ஞாலத்தின் மனச்சான்றை உலுக்கிற்று. படமெடுத்தவரோ காவலரின் தொல்லைக்கு ஆளாகி நகரைவிட்டே வெளியேற நேர்ந்தது.

மூன்றாம் நாளே ஒன்றிய நாடுகளின் பாதுகாப்பவை அக்கொடுமையைக் கண்டித்தது. ஆயினும் சுடுவது நிற்கவில்லை. கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று. அரசே அமைத்த ஆணையம், 1977 தொடக்கம் வரை மாண்டோர் 575 பேர் எனக் கணக்கிட்டது. மொழியாணையை 1976 சூலையிலேயே அரசு திரும்பப் பெற்றது. சூலையில் இயன்றது சூனில் இயலாதா? அடக்கி விடலாம் என்னும் செருக்கன்றோ அப்பிள்ளைகளைப் பலிகொண்டது!

அதன் பின்னும் சட்டமே கொலைக்கருவியாயிற்று. 1967-ஆம் ஆண்டு அச்சுறுத்தல் தடைச் சட்டம், வழக்கு மன்றத்தில் நிறுத்தாமலே எவரையும் காலவரையின்றி அடைத்து வைக்க இடந்தந்தது. கறுப்பர் தன்மான உணர்வை வளர்த்த இசுடீவ் பிக்கோ 1977 ஆகத்தில் அவ்வாறே சிறைப்பட்டார். தலையில் கடுங்காயமுற்ற நிலையில், ஆடையின்றி விலங்கிடப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பிரிட்டோரியாவுக்கு வண்டியில் கொண்டு செல்லப்பட்டார். செபுதம்பர் 12-இல் உயிர் துறந்தார். உண்ணாநோன்பால் இறந்தார் என்று முதலில் கதை கட்டினர். இறப்பு உசாவலோ எவரும் குற்றவாளியல்லர் என்றது. அடுத்த மாதமே கறுப்பர் அமைப்புகள் பல தடைசெய்யப்பட்டன. 'தி வேர்ல்டு' நாளிதழ் மூடப்பட்டது. உயிரைப் பறித்தவர்க்கு அழுகுரலும் பொறுக்கவில்லை.

ஆனால் வரலாறு வளைந்து கொடுக்கவில்லை. 1994-இல் கறுப்பின மக்கள் வாக்களித்துத் தம் ஆட்சியைத் தாமே அமைத்தனர். 1996-இன் அரசியலமைப்பு பதினொரு மொழிகளை ஆட்சிமொழிகளாக்கிற்று. சூலுவும் சோத்தோவும் அவற்றுள் அடங்கும். சூன் 16 அந்நாட்டின் இளைஞர் நாளாயிற்று.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. 16.8.2012 அன்று மாரிக்கானாவில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய சுரங்கத் தொழிலாளர் 34 பேரைச் சுட்டுக் கொன்றது, விடுதலை பெற்ற அந்நாட்டின் காவல்துறையே. ஆள்வோரின் நிறம் மாறினால் போதாது. ஆளும் முறையும் மாறவேண்டும். கேட்கும் வாய்க்குக் குண்டை விடையாக்கும் அரசு, எவர் அரசாயினும் வல்லாண்மை அரசே. அதை எதிர்ப்பார் எம்மொழியினராயினும் நம் உறவினரே!