காற்புண்ணும் தோல் மடலும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் மருத்துவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் வரை பயின்ற இரயில்வே எழுத்தர். ஆயினும் காலைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. பாலக்காட்டில் ஜல்லிக்கல்மீது நடப்பனவும், இடுக்கித் தோட்டங்களில் கவாத்துக் கத்தியின் அருகே நிற்பனவும் நம்மவர் கால்களே. அங்கே நாணயத்தளவு புண் உண்டாயின், “சின்னப் புண்தானே” என்று மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருப்பது நம்மவர் வழக்கம்.

கணைக்காலின் கீழ்ப்பகுதியில் புண்ணின் அளவைக் கண்டு அமைதியுறலாகாது. கெண்டைக்காற் சதை மேலேயே முடிந்து, கீழே நாராக மெலிந்துவிடுகிறது. முன்னெலும்பின்மேல் தோல் ஒன்றே போர்வை. இழுத்துத் தைக்கலாமெனின் மிச்சத் தோல் ஏது?

தொடைத் தோலைச் சீவி ஒட்டலாமே என்பீர்கள். அது நாற்று நடுவது போன்றது. சேற்றில் வேர் பிடிக்கும், பாறையில் பிடிக்குமா? ஒட்டிய தோல் அடியிலுள்ள குருதியை உண்டே பிழைக்கிறது. மேற்படலம் உரிந்த எலும்பும், உறை கழன்ற தசைநாரும் அதற்குப் பாறையே. ஆகவே வாய்க்காலோடு வயலையே பெயர்க்க வேண்டும். பக்கத்துத் தோலை அதன் இரத்தக் குழாய் அறாமல் திருப்பிப் புண்ணை மூடுவதையே தோல் மடல் என்பர்.

இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கமைத்த புனே நகரத்துச் செய்தி 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. காலுக்கு வழி பிறக்கத்தான் நாளாயிற்று. முன்பெல்லாம் ஒரு காலின் தோலை மறுகாலிற் தைத்து, இரண்டையும் பிணைத்து, வாரக்கணக்கில் கிடத்துவர். (கேட்கும்போதே நமக்குக் கால் மரத்துப்போகிறது!) 1981இல் சுவீடன் நாட்டுப் பொன்டேன், தசையைப் போர்த்த வெண்படலத்தையும் தோலோடு சேர்த்தெடுத்தால் நீண்ட மடலும் உயிருடன் நிற்கும் என்று காட்டினார். 1992இல் பிரெஞ்சு மருத்துவர் மஸ்கலே, கெண்டைக்காற் பின்புறத் தோலைக் கீழே திருப்பிக் குதிகால், கணுக்கால் புண்களை மூடும் முறையை விளக்கினார். ஒரே நுண்குழாயை அச்சாகக் கொண்டு மடலை 180 பாகை வரை சுழற்றும் முறையும் இன்று உண்டு. நீராவி எஞ்சினைத் திருப்பிய சுழல்மேடையை அறிந்த நம் காலனியாருக்கு இது எளிதில் விளங்கும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். மடலின் நுனி கருகுவதுண்டு. எடுத்த இடத்தில் வேறு தோல் ஒட்ட நேரலாம். கெண்டைக்கால் மடலுக்குப்பின் பாதத்தின் வெளிவிளிம்பு மரத்துப்போகலாம். நீரிழிவுடையோருக்குக் காலின் குருதியோட்டத்தை முதலிற் சோதிப்பர். குழாய் அடைபட்டிருப்பின் அதைச் சீராக்காமல் மடல் பயன் தராது.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் அழகு வைத்தியம் என்று நகைக்கிறார்கள். வாளையாறு கடந்தால் கோவை. அங்கே 1978இல் தோன்றிய கங்கா மருத்துவமனையில், 1991இல் டாக்டர் இராஜசபாபதி அத்துறையைத் தொடங்கினார். விபத்தில் சிதைந்த காலை எலும்பு மருத்துவரும் தோல் சீரமைப்போரும் கூடி ஆராயும் முறைக்கு அவ்விடம் பெயர் பெற்றது.

புண்ணினடியில் எலும்போ நாரோ வெண்மையாகத் தெரிந்தால், அந்த வாரத்திலேயே இத்தகைய மருத்துவரிடம் காட்டுக. சிகிச்சைக்குப்பின் அவர் சொல்லும்வரை காலைத் தொங்கவிடலாகாது. பீடி புகைப்போர் அதனை மறையாது முன்பே சொல்லிவிடுக. புகை அந்த நுண்குழாயைச் சுருக்கிவிடும்.