மாணவர்க்கு ஏற்ற முதல் விமானம்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ரேடியோ விமானத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆவடியில் விமானப்படை நிலையம் உள்ளது. கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தோன்றியது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. இங்கெல்லாம் உழைப்பைத் தந்தவர்களில் நம் மக்களும் உண்டு. அவர்தம் பிள்ளைகள் வடிவமைப்புக் கூடத்திலும் அமர வேண்டும் என்பது நம் அவா. அதற்கு இச்சிறு விமானமும் ஒரு பாடநூலே.

நாங்கள் செய்த பிழையை மறைக்காமல் கூறுகிறோம். நன்கொடைப் பணத்தில் முதன்முதலாக வாங்கியது, போர் விமானத்தின் தோற்றமுடைய ஒன்று. தாழ்வான இறக்கை; மிகுந்த வேகம். பறக்கவிட்ட சில நொடிகளிலேயே தரையில் மோதி உடைந்தது. அதைச் செலுத்திய சிறுவன் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. ‘இது நமக்கு வராது’ என்று அவன் எண்ணிவிட்டான். பிழை அவனுடையதன்று, தேர்ந்தெடுத்த எங்களுடையது.

எனவே முதல் விமானத்தின் இலக்கணம் யாது? இறக்கை உடலின் மேற்புறம் அமைந்து, அதன் நுனிகள் சற்றே உயர்ந்திருக்க வேண்டும். அத்தகைய விமானம் ஒருபுறம் சாய்ந்தாலும் தானே நிமிர முயலும். இறக்கை அகன்றும் எடை குறைந்தும் இருந்தால் மெதுவாகப் பறக்கும். கற்பவனுக்குச் சிந்திக்க நேரம் கிட்டும். இறக்கையின் நீளம் 1 முதல் 1.5 மீட்டர் வரை இருப்பது நன்று. மிகச் சிறியதைக் காற்று அலைக்கழிக்கும். தொலைவில் கண்ணுக்கும் புலப்படாது. உடல் நுரைப்பொருளால் ஆனதாயின், முறிந்ததை அன்று மாலையே பசையிட்டு ஒட்டலாம். ரப்பர் வளையங்களால் கட்டிய இறக்கை, மோதும்போது முறியாமல் கழன்று விழும்.

தொடக்கத்தில் மோட்டார், ஏற்ற இறக்கம், திருப்பம் என்னும் மூன்று கட்டுப்பாடுகள் போதும். 2.4 கிகாஹெர்ட்சில் இயங்கும் நல்ல கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கினால், அடுத்தடுத்த விமானங்களுக்கும் அதுவே பயன்படும். ஆசிரியர் கருவியோடு மாணவர் கருவியை இணைக்கும் வசதி இருந்தால், தடுமாறும் தருணத்தில் ஆசிரியர் கைகொடுக்கலாம். விமானம் நம்மை நோக்கி வருகையில் இடமும் வலமும் மாறித் தோன்றும். அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் நிமிரும். லித்தியம் மின்கலத்தை ஆளில்லாத இடத்தில் மின்னேற்றக் கூடாது. உப்பியதைப் பயன்படுத்தவே கூடாது.

மின்கம்பியும் கூட்டமும் இல்லாத திறந்த திடல் வேண்டும். படைத்துறை இடங்கள் நிறைந்த நம் பகுதியில் கண்ட இடத்தில் பறக்கவிடுதல் தகாது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுத்துள்ளன. அரசின் வரைபடத்தைப் பார்த்து, உரிய அனுமதி பெற்ற பின்னரே களம் இறங்க வேண்டும்.

அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, கட்டணத்திற்காக அவர் தமக்கை நகைகளை அடகு வைத்தார். அடகு வைக்க நகையில்லாத வீடுகள் நம்மிடையே பல. செல்வர் வீட்டுப் பிள்ளை ஒன்றை உடைத்தால் மற்றொன்று வாங்குவான். நம் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே விமானம் கழகத்தின் பொதுச் சொத்தாக இருக்கட்டும். வாங்கும்போதே பழுதுபார்க்கவும் பணம் ஒதுக்குவோம். பெண் பிள்ளைகளுக்கும் சமமான முறை வழங்குவோம்.

தவறு செய்து, திருத்தி, மீண்டும் முயல்வதும் கல்வி உரிமையே. அவ்வுரிமையைத் தரும் விமானமே நம் மாணவர்க்கு ஏற்ற முதல் விமானம். இரண்டு வாரம் வராதிருந்த அச்சிறுவன், இன்று இளையோருக்கு இறக்கை ஒட்டக் கற்றுத் தருகிறான் என்னும் மகிழ்ச்சிச் செய்தியோடு விடைபெறுகிறோம்.