சால்வையோடு முடிந்துவிடக் கூடாத மரியாதை

(வைட்ஃபீல்டில் நடைபெற்ற மூத்த தோழர்களைச் சிறப்பிக்கும் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயரே ஒரு சமூகத் தலைவரின் பெயர்தான். 1882ஆம் ஆண்டு, மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் வழங்கிய நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்களுக்கென்று ஒரு குடியிருப்பு உருவாயிற்று. அச்சமூகத்தின் சங்கத்தை நிறுவிய டி.எஸ். வைட் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இன்று இங்கே கண்ணாடி மாளிகைகளில் வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்? பெயர் நிலைத்துவிட்டது, நினைவு நிலைக்கவில்லை. ஒருவரைக் கௌரவிப்பது வேறு, அவரது உழைப்பை நினைவில் நிறுத்துவது வேறு என்பதை இந்த ஊரே நமக்குச் சொல்கிறது.

இந்தக் கூட்டத்தை வைட்ஃபீல்டில் நடத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு பங்காருப்பேட்டை, மாலூர் வழியாக வரும் ரயில் காலைதோறும் இந்த நிலையத்தில் எத்தனை பேரை இறக்கிவிடுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். காவலாளிகளாக, துப்புரவுத் தொழிலாளர்களாக, கணினி முன் அமரும் இளைஞர்களாக இறங்குகிற அவர்களில் பலர் கோலார் தங்கவயலின் பிள்ளைகள். 2001 பிப்ரவரி 28 அன்று மத்திய அரசு அந்தச் சுரங்கங்களை மூடியது. அன்று தொடங்கிய பயணம் இன்னும் நிற்கவில்லை.

அந்த மண்ணின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர அனுமதியுங்கள். வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் நிலமற்ற தலித் மக்கள் அங்கே பிழைக்கச் சென்றார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூரின் தெருக்கள் அந்த வெளிச்சத்தைக் காண மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த மின்சாரம் வந்தது எந்திரங்களுக்காக. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான பாதாளத்தில் இறங்கிப் பாறையை உடைத்தவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசு படிந்தது.

செங்கொடி அங்கே ஏறுவதற்கு முன்பே தலைவர்கள் தோன்றிவிட்டார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் வழிவந்த பௌத்த சங்கத்தார் தொழிலாளர் மத்தியில் கல்வியையும் பகுத்தறிவையும் பரப்பினார்கள். பண்டிதரின் மறைவுக்குப் பின் நின்றுபோயிருந்த 'தமிழன்' இதழைத் தங்கவயலில் மீண்டும் நடத்தினார் ஜி. அப்பாதுரையார். தொழிற்சங்கம் வேர்விட்ட நிலத்தை உழுதவர்கள் அவர்கள். அந்தக் கடனை நாம் மறந்துவிடக் கூடாது.

1930இல் சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிய முற்பட்டது. தங்களைக் குற்றவாளிகளாகக் கருதும் செயல் அது என்று கொதித்தெழுந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வழிநடத்தச் சங்கம் என்று எதுவும் இல்லாத காலம் அது. வரிசை வரிசையாக இருந்த குடியிருப்புகளில் இரவோடிரவாகச் செய்தி சொல்லிச் சென்றவர்கள் யார்? அடுப்பு அணைந்துபோகாமல் நாட்களைக் கடத்திய பெண்கள் யார்? அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்தார்கள். அந்தத் தியாகத்தின் மீது எழுந்த இயக்கம்தான் 1952இல் தோழர் கே.எஸ். வாசனையும், 1957இல் தோழர் எம்.சி. நரசிம்மனையும், பின்னர் 1985இல் தோழர் டி.எஸ். மணியையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. பாதாளத்தில் இறங்கியவர்களின் குரல் விதான சௌதாவில் ஒலித்தது.

தோழர்களே, கம்யூனிஸ்டுகள் கௌரவத்தை எப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் இரண்டு. தமிழ்நாடு அரசு 2021இல் தகைசால் தமிழர் விருதைத் தோழர் என். சங்கரய்யாவுக்கும், 2022இல் தோழர் ஆர். நல்லகண்ணுவுக்கும் வழங்கியது. 10 லட்சம் ரூபாயைச் சங்கரய்யா முதலமைச்சரின் நிவாரண நிதிக்கே திருப்பி அளித்தார். நல்லகண்ணுவோ அந்தத் தொகையோடு தம் பணம் 5,000 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தார். விடுதலைப் போரில் சிறை சென்றதால் பட்டப்படிப்பை இழந்த சங்கரய்யாவுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க முன்வந்தபோது ஆளுநர் ஒப்புதல் தர மறுத்தார். 2023 நவம்பர் 15 அன்று அந்தப் பட்டம் இல்லாமலேயே அவர் விடைபெற்றார். குறைந்துபோனது அவர் பெருமையா, பட்டத்தின் பெருமையா என்பதை மக்கள் அறிவார்கள்.

இந்த மேடையில் அமர்ந்திருப்பவர்கள் விருதுப் பட்டியல்களில் இடம்பெறாதவர்கள். ரேஷன் அட்டைக்கு மனு எழுதிக் கொடுத்தவர்கள். குடிசைகளை இடிக்க வந்த எந்திரத்தின் முன் நின்றவர்கள். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர்கள். வேலை பறிபோன தொழிலாளியோடு தொழிலாளர் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியவர்கள். இவர்களில் பெண் தோழர்கள் குறைவாகவே மேடையில் இருக்கிறார்கள். அவர்கள் குறைவாக உழைத்ததால் அல்ல. நாம் குறைவாகப் பார்த்ததால். இதை ஒரு சுயவிமர்சனமாகவே சொல்கிறேன்.

கைரேகையை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று முகத்தைக் கேமராவில் காட்டித்தான் வேலைக்குள் நுழைகிறார்கள். 2023இல் கர்நாடகத்தில் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கப்பட்டது. 2024 ஜூலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு 14 மணி நேரம் என்ற யோசனை வந்தபோது, இளம் ஊழியர்களின் சங்கம் வீதிக்கு வந்தது. யோசனை கிடப்பில் போடப்பட்டது. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் வேலை போகுமோ என்று அஞ்சும் பெண் துப்புரவுத் தொழிலாளியும், மடிக்கணினியோடு ஓடும் இளைஞனும் ஒரே ரயிலில்தான் வருகிறார்கள். அவர்களை ஒரே சங்க உணர்வில் இணைக்கும் வேலை மிச்சமிருக்கிறது.

ஆகவே மூன்று பணிகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு கிளையும் தன் மூத்த தோழர்களின் நினைவுகளை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அவர்களுடைய துணைவியரின் நினைவுகளையும் தவறாமல் கேட்க வேண்டும். இரண்டாவது, அவர்களது மருத்துவத் தேவையையும் முதுமைக் காலத் தனிமையையும் கட்சியின் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். ஆண்டுக்கொரு முறை மாலை போட்டுவிட்டு, மற்ற நாட்களில் மறந்துவிடுவது மரியாதை ஆகாது. மூன்றாவது, அவர்கள் தொடங்கி முடிக்காமல் விட்ட ஒரு வேலையையாவது ஒவ்வொரு கிளையும் கையிலெடுக்க வேண்டும். ஒரு குடியிருப்பின் பட்டாவாக இருக்கலாம். ஓர் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கமாக இருக்கலாம்.

சற்று முன் சால்வை போர்த்தும்போது ஒரு மூத்த தோழர் என் காதருகே கேட்டார்: "அடுத்த கூட்டம் எப்போது?" நன்றி சொல்வதற்குமுன் அவருக்கு நாம் தேதி சொல்லியாக வேண்டும். அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

தங்கவயல் தியாகிகளுக்கு வீரவணக்கம்! மூத்த தோழர்களுக்குச் செவ்வணக்கம்!