நெறி கண்டவர் ஒருவர். பெயர் பெற்றவர் வேறொருவர்



ஏனமொன்றின் அடியில் ஒரு காசை இட்டு, விளிம்பு அதனை மறைக்குமளவு பின்னே சென்று நில்லுங்கள். மற்றொருவர் நீரை ஊற்றட்டும். மறைந்த காசு மேலெழுந்து கண்ணுக்குப் புலனாகும். காசு அசையவில்லை, நீரினின்று காற்றிற் புகும் ஒளி, அவ்வெல்லையில் முறிந்து கண்ணை எட்டுகின்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை ஒளிவிலகல் என்கின்றன. ஈழத்து நூல்கள் ஒளிமுறிவு என்கின்றன. நீரில் அமிழ்த்திய கோல் முறிந்து தோன்றுவதைக் கண்டவர்க்குப் பின்னதே இனிக்கும்.

கரணியம் எளிது. வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. விரையும் ஒளி, நீரில் 2,25,000 ஆகவும் வயிரத்தில் 1,24,000 ஆகவும் தளர்கின்றது. சாய்ந்து புகுங்கால் ஒருபுறம் முன்னே தளர, மறுபுறம் பழைய விரைவிலேயே வருவதால் போக்குத் திரும்புகின்றது. நேர்குத்தாகப் புகின் திரும்புவதில்லை.

எவ்வளவு திரும்பும்? அங்கேதான் இடர். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, காற்றினின்று நீரிற் புகும் ஒளியின் சாய்வை அளந்து நிரல்படுத்தினார். 10 பாகைக்கு 8, 20-க்கு 15½, 30-க்கு 22½. கூடும் அளவு 8, 7½, 7 என ஒவ்வொரு படியிலும் சரியாக அரைப்பாகை குறைவதைக் காண்க! இயற்கை இத்துணை ஒழுங்காகக் கணக்கெழுதுவதில்லை. அளந்தவற்றைத் தாம் எண்ணிய ஒழுங்கிற்குள் அவர் அடக்கிவிட்டார் என்றே கொள்ளவேண்டும். 80 பாகைக்கு அவர் தந்தது 50. உண்மையளவோ 47½-ஐ ஒட்டியது.

மெய்ந்நெறி புலப்பட எண்ணூறு ஆண்டுகள் கடந்தன. 984-ஐ ஒட்டிப் பகுதாதில், எரிக்கும் ஆடிகளைப் பற்றி அரபியில் எழுதிய இபன் சகல், முறியுமுன்னும் முறிந்தபின்னும் ஒளி செல்லும் திசைகளை முக்கோணங்களாக வரைந்து, அவற்றின் இரு கோடுகளுக்கிடையே உள்ள தகவு அவ்வப் பொருளுக்கு என்றும் மாறாதது எனக் காட்டினார். இன்று மாணவர் படிக்கும் நெறி இதுவே.

ஆனால் அவர் பெயர் அதற்கில்லை! 1621-இல் இலெய்டன் நகரத்துச் சுனெல் அதனை மீண்டும் கண்டார். அச்சிடாமலே 1626-இல் மறைந்தார். 1637-இல் தெக்கார்த்து அதனைப் பிரஞ்சு மொழியில் வெளியிட்டார். சுனெல் பெயரைச் சுட்டவில்லை. பார்த்தெழுதினாரா, தாமே கண்டாரா என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. ஆங்கிலேயர் அதனைச் சுனெல் நெறி என்கின்றனர். பிரஞ்சியரோ தெக்கார்த்தின் பெயரை விடுவதில்லை.

அவ் வழக்கு நடந்த காலமெல்லாம் இபன் சகலின் சுவடி இரு கூறாய்ப் பிரிந்து, ஒன்று தமாசுக்கசிலும் மற்றொன்று தெகுரானிலும் கிடந்தது. இரண்டும் ஒரே நூலின் பகுதிகள் என உணர்ந்து இணைத்து, உரோசுதி இராசேது என்னும் அறிஞர் 1990-இல் உலகிற்கு அறிவித்தார்.