ஒரு மருந்தும் இரு சட்டங்களும்



கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடிகிறது. அது உறைந்தால் அபினி. அபினியில் உறைவது மார்பின். அந்த மார்பினோடு அசெட்டைல் தொகுதிகள் இரண்டை இரசாயன முறையில் இணைத்தால் கிடைப்பது ஹெராயின். பாதி இயற்கை, பாதி செயற்கை என்று இதனைச் சொல்லலாம்.

1874-ல் லண்டனில் ஆல்டர் ரைட் என்னும் இரசாயன அறிஞர் இதனை முதலில் ஆக்கினார், எவரும் பொருட்படுத்தவில்லை. 1897-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஹாஃப்மன் மீண்டும் ஆக்கினார். ஆஸ்பிரினை அவர் ஆக்கியதும் அதே ஆகஸ்டு மாதத்தில்தான்! மறு ஆண்டே ஹெராயின் இருமல் மருந்தாகக் கடைக்கு வந்தது. க்ஷயரோகம் மலிந்திருந்த அந்நாளில் இருமலை அடக்கும் மருந்துக்கு எவ்வளவு மதிப்பிருந்திருக்கும்! மார்பினைப் போல் இது மனிதனை அடிமையாக்காது என்றும் பலர் நம்பினர்.

நம்பிக்கை ஏன் பொய்த்தது? நம் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காப்பு உண்டு. கொழுப்பில் கரையும் பொருளுக்கே அது எளிதில் வழிவிடும். மார்பின் தயங்கி நிற்கும் அவ்வாயிலில், அசெட்டைல் வேஷம் பூண்ட ஹெராயின் விரைந்து புகுந்துவிடுகிறது. உடலுக்குள் அவ்வேஷம் ஒவ்வொன்றாகக் கலைய, முடிவில் எஞ்சுவது பழைய மார்பினே! நோவைத் தணிப்பதும், அளவு மீறினால் மூச்சை அடக்கிக் கொல்வதும் அதன் குணங்கள். ஹெராயின் பெரிதும் கூட்டியது வேகத்தை. அந்த வேகமே மனிதனை வெறிகொள்ளச் செய்கிறது.

அமெரிக்கா 1924-ல் இதன் உற்பத்தியையே தடுத்தது. அங்கே வைத்தியரும் இதை எழுதித் தர இயலாது. பிரிட்டிஷ் அரசும் 1955-ல் தடைவிதிக்க முனைந்தது. வைத்தியர்கள் எதிர்த்தனர். புற்றுநோயால் எலும்பும் தோலுமாகிவிட்டவருக்கு ஊசியில் நிறைய மருந்து ஏற்ற முடியாது. ஹெராயினின் உப்போ சிறிது நீரிலேயே மிகுதியாகக் கரையும். அவர்கள் வாதம் வென்றது, அரசு பின்வாங்கியது. மார்பின் இருக்க இது எதற்கு என்று அமெரிக்கர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மரணப் படுக்கையில் துடிப்பவர் பக்கம் நின்ற அவ்வைத்தியர்களையே என் மனம் நாடுகிறது.

டயமார்பின் என்ற பெயரில் பிரிட்டனில் இன்றும் இது வைத்தியர் சீட்டுக்கு உரிய மருந்து. சீட்டின்றிக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்நாட்டிலேயே 7 ஆண்டு வரை சிறை. விற்பவனுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு.