பல்லிடுக்கைக் கழுவும் நீர்க் கருவி: வாங்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்



சாப்பிட்டு எழுந்ததும் பல் குச்சியைத் தேடுபவரா நீங்கள்? இந்தப் பேச்சு உங்களுக்குத்தான். ஆட்டிறைச்சி நாரோ கீரையோ பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் மனம் வேறெதிலும் நிற்காது. குச்சியால் குத்தினால் ஈறு புண்ணாகிறது.

ஜொகூர் பாருவில் 1957-ஆம் ஆண்டிலேயே குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கினார்கள். அது பல் சொத்தையைக் குறைக்கும். ஈறு நோயைத் தடுக்காது. பல்லிடுக்கில் தங்கும் அழுக்குப் படலத்தை நாம்தான் நாள்தோறும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஈறு வீங்கும், இரத்தம் கசியும், நாளடைவில் நல்ல பல்லும் ஆடும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

இதற்கு உதவும் கருவிகளில் ஒன்று 'வாட்டர் ஃபுளோசர்'. தமிழில் 'நீர்ப்பாய்ச்சி' என்று எழுதிப் பார்த்தேன். "வயலுக்கா?" என்று கேட்டார் என் அம்மா. ஆகவே நீர்க் கருவி என்றே சொல்கிறேன். மெல்லிய நீரை விட்டுவிட்டுப் பீய்ச்சி இடுக்கைக் கழுவும். 1962-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பல் மருத்துவரும் ஒரு பொறியியலாளரும் சேர்ந்து உருவாக்கியது.

கடையில் "அழுத்தம் அதிகம்" என்று சொல்லி விற்பார்கள். அதில் மயங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது அழுத்தத்தை மிகக் குறைவாக வைக்கும் வசதி. அடுத்து, கருவியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கையடக்கக் கருவியின் தொட்டி கைப்பிடியிலேயே இருக்கிறது. நீர் நிரப்பினால் கனக்கும், பாதியில் தீர்ந்தும் போகலாம். விரல் மூட்டு வலியோ கை நடுக்கமோ இருந்தால், தொட்டி மேசையில் நிற்கும் வகைதான் வசதி. கையில் பிடிப்பது மெல்லிய குழாய் மட்டுமே. பொத்தான் பெரிதாக இருக்கட்டும். மின்சாரப் பிளக்கில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பியது 120 வோல்ட் கருவி என்றால், நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகாதீர்கள்.

வெதுவெதுப்பான குழாய் நீர் போதும். முனையை வாய்க்குள் வைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி முழுவதும் குளித்துவிடும். தொட்டியின் மேல் குனிந்து, உதட்டை லேசாகத் திறந்து, ஈறு ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். முடிந்ததும் மிச்ச நீரைக் கொட்டி உலர விடுங்கள். பல் துலக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்; ஒட்டிய படலத்தைத் தேய்த்து எடுக்க பிரஷ்தான் வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுபவர்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம், புரையேறிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் செயற்கை இருதய வால்வு பொருத்தியவர்களும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பல் செட் முழுவதும் கட்டியவர்களுக்கு இது தேவையே இல்லை. விலை அதிகம் என்று தோன்றினால், பல்லிடுக்குச் சிறு பிரஷ் மலிவு. பலருக்கு அதுவே போதும்.

இரண்டு வாரமாகியும் ஈறில் இரத்தம் நிற்கவில்லையா? கருவியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்குக்கு வாருங்கள். சாப்பிடும் மருந்துகளையும், பல் செட் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். செட்டை வீட்டுக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு வருபவர்கள் நிறையப் பேர்.